குத்தூசி

கும்பகோணம் பெரிய கடைத்தெருவில்
கோனார் நோட்டும் கிராஃப் தாளும் விற்கும் கடையில்
"இசை இருக்கா?" என்று கேட்டேன்.
"சி.டி.யெல்லாம் இப்ப வர்றதில்லைம்மா."
"இசை படிக்கிற புத்தகம்."
ஸ்டூல் போட்டு ஏறி
மூன்றை எடுத்துக் கீழே போட்டார்.
மூன்றிலும் ஒரே அளவு தூசி.

எனக்கு மூட்டைதான் தெரியும்.
நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுதுகிறவள்.
மேலாக அள்ளிப் பார்த்து வாங்கினால் ஏமாந்தோம்.
நடுவயிற்றில் குத்தூசி விட்டு
உள்ளங்கையில் சரித்துப் பார்க்க வேண்டும்.
ஈரம் பதினேழைத் தாண்டினால்
களத்துக்கே திரும்பிப் போ.

முதல் புத்தகத்துக்கு முன்னுரை பதினோரு பக்கம்.
நாதம், பிரம்மம், அண்ட சராசரம்.
நடுவில் குத்தினேன்:
'இதன் நுட்பம் குருமுகமாக அறியத்தக்கது.'
தள்ளி இன்னொரு குத்து:
'இதுவும் அவ்வாறே.'
குரு இருந்தால் நான் ஏன் ஐயா
நூற்றெண்பது ரூபாயோடு இங்கே நிற்கிறேன்?

இரண்டாவது, ஒரே மாதத்தில்
பாட்டெழுத வைப்பேன் என்றது.
காதலுக்கு மோதல், சாதல்,
நிலவுக்கு உலவு, களவு,
பிழிந்தால் சொட்டும்.
இருபத்திரண்டு சதவீதம்.
காயவைத்துக் கொண்டு வரட்டும்.

மூன்றாவதன் அட்டையில் படம்கூட இல்லை.
உள்ளே ஐந்து கோடு, முட்டை முட்டையாய்க் குறிகள்.
ஒன்பதாம் பக்கத்தில் கையில் விழுந்தது இது:
'சுரத்தின் வலப்பக்கம் புள்ளி வைத்தால்
அதன் காலத்தில் பாதி கூடும்.'
என் பட்டியலில் ஒரு புள்ளி நகர்ந்தால் மெமோ வரும்.
இங்கே வெறும் பாதி.
நாணயமான புள்ளி.

வீட்டில் ஒரு கீபோர்டு கிடக்கிறது.
வலங்கைமான் மெல்லிசைக் குழு கலைந்தபோது
ஆம்ப்ளிஃபயர் போய், மைக் போய்,
ஸ்டாண்டும் போனபின் மிஞ்சியது.
ஒரு கறுப்புக் கட்டை ஊமை,
அதற்காக எழுநூறு குறைத்தார்கள்.
சம்பா கொள்முதல் முடிந்த ராத்திரி
அதில் மெட்டுப் போட்டு, வரியும் எழுதினேன்:

    லாரி வராத மூணாம் நாளு
    தார்ப்பாய்க்குள்ள முளைக்குது நெல்லு

காவலர் ஞானசுந்தரம் முழுசாகக் கேட்டுவிட்டு
"வார்த்தை உங்களுது மேடம்" என்றார்.
"மெட்டு ஏற்கெனவே வந்து, ஓடி,
ரிங்டோனாவும் போயிட்டுது."
அன்றைக்குத்தான் தீர்மானித்தேன்.
எதைத் திருடினேன் என்றாவது
தெரிந்துகொள்ள வேண்டாமா?

கடையிலேயே, நின்றபடி,
மூன்றாவதன் கடைசித் தாளில்
கட்டைகளின் படம் பார்த்தேன்.
என் ஊமையைத் தேடினேன்,
மூன்று கறுப்புகளில் முதலாவது.
எஃப் ஷார்ப்.
இத்தனை நாள் அதைச் 'செத்தது' என்றே கூப்பிட்டிருக்கிறேன்.

என்னவோ தோன்றி
ஒதுக்கிவைத்த முதல் புத்தகத்தையும் புரட்டினால்
அங்கேயும் அதே படம், அதே கட்டை:
பிரதி மத்திமம்.
முகம் பார்க்காத பங்காளிகள் இரண்டு பேர்
ஒரே வாய்க்காலில்தான்
தண்ணீர் பாய்ச்சுகிறார்கள்.

"ரெண்டும் சேத்து இருநூத்துப் பத்து."
அட்டையில் பூச்சி, முதுகில் பிரிந்த தையல்,
பதினோரு பக்கம் பதர்.
கழிவு போடத் தெரியாதவளா நான்?
நூற்றெண்பதுக்கு முடிந்தது.

நீடாமங்கலத்தில் கேட் மூடியிருந்தது.
நெல்லேற்றிய சரக்கு வண்டி.
என் மூட்டைகளும் அதில் இருக்கலாம்.
தொடையில் தட்டி நான்கு நான்காக எண்ணினேன்:
நாற்பத்திரண்டு பெட்டி.
பத்து நான்கு போக
இரண்டு மிச்சம்.
மிச்சத்தை என்ன செய்வது?
புரட்டினேன். பதினான்காம் பக்கம்:
'நிறையாத இடத்தை ஓய்வுக் குறியால் நிரப்புக.'

கேட் தூக்கினார்கள்.
நான் இரண்டு எண்ணிக்கை
வாய்மூடி நிரப்பினேன்.
பின்னால் நின்ற லாரிக்காரன்
நிரப்பவில்லை.